ஐம்பதைத் தாண்டிச் சீனாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகும் தம்பதிகளுக்கு

சீனாவில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றிக் கிடைக்கிற ஆலோசனைகள் பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு எழுதப்பட்டவை. தனி ஆள், தோளில் ஒரு பை, பிடிக்கவில்லையா, அடுத்த விமானம். ஐம்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும் சேர்ந்து போகிறபோது கணக்கே வேறு. இருவருக்கும் வயது வரம்பு ஒன்றாக இருக்காது, சான்றிதழ்கள் போகிற வழி ஒன்றாக இருக்காது. ஆனால் வீடு ஒன்று, முதலாளியும் ஒருவர். ஒருவருடைய காகிதம் சிக்கினால் இருவரும் பெட்டியோடு வாசலில் நிற்க வேண்டியதுதான். நாங்கள் கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கிற தமிழ்நாட்டுக்காரர்கள். 2023இல் சீன எல்லைகள் மறுபடி திறந்த பிறகு ஒரு தனியார் பயிற்சி மையத்துக்கு வேலைக்குப் போனோம். அது மூடுகிற நிலைக்கு வந்தபோது இருவரின் கடைசி இரண்டு மாதச் சம்பளம், மொத்தம் சுமார் 60,000 யுவான், கைக்கு வரவில்லை. நம் ஊர்க் கணக்கில் ஏழு லட்சம் ரூபாய் இருக்கும். பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சம், அக்கம்பக்கத்தில் விசாரிக்க மொழி இல்லை. இருவரும் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டே தூக்கம் கெட்டுக் கிடந்த காலம் அது. பிறகு ஃபுஜியான் மாகாணத்தின் சுவான்ஜோ நகரில் ஒரு கல்லூரிக்கு மாறினோம். கீழே இருப்பவை அந்த நாட்களில் யாராவது சொல்ல மாட்டார்களா என்று நாங்கள் தேடிய விஷயங்கள்.

முதலில் வயது. சீனாவில் 2017 ஏப்ரல் முதல் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி ஏ, பி, சி என மூன்று வகை. ஆங்கில ஆசிரியர்கள் ஏறக்குறைய எல்லோரும் பி வகையில்தான் வருவார்கள். அதற்குப் பொது வரம்பு 60 வயது. ஆனால் சில நகரங்களில் பெண்களுக்கு 55 என்று அதிகாரிகள் எடுத்துக்கொள்வதுண்டு, அங்கே பெண்களின் ஓய்வு வயது வெகுகாலம் குறைவாக இருந்ததால். அதனால் 58 வயது கணவருக்கு அனுமதி கிடைத்து 55ஐத் தொட்ட மனைவிக்குக் கிடைக்காமல் போகும் விசித்திரம் நடக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே இருவரின் பிறந்த தேதியையும் எழுதி, "உங்கள் நகரத்தில் இந்த இரண்டு வயதுக்கும் அனுமதி வாங்கித் தர முடியுமா, அடுத்த ஆண்டு புதுப்பிக்கவும் முடியுமா" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். 59இல் உள்ளே போகிறவருக்கு முதல் வருடம் எளிது, இரண்டாவது வருடம்தான் கதவு மூடும். புள்ளிக் கணக்கில் தகுதி பார்க்கிற இடங்களில் 46 முதல் 55 வயது வரை 10 புள்ளி, 56 முதல் 60 வரை 5 புள்ளி, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஒருவர் மட்டும் தகுதி பெற்றால் மற்றவர் குடும்ப விசாவான எஸ்1இல் போகலாம். ஆனால் அந்த விசாவில் ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்குப் பாடம் எடுக்கக் கூடாது. "சும்மா சனிக்கிழமை இரண்டு மணி நேரம்" என்று முதலாளி சொன்னாலும் அது சட்டப்படி கள்ள வேலை. பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் வேலை செய்தவர் தலையில், மோசமான நிலையில் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு.

பாஸ்போர்ட் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாய்மொழி ஆங்கிலமாக உள்ள நாட்டின் குடிமக்கள்தான் ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்பது அங்கே பொது விதி. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்ற பட்டியலைத்தான் எல்லோரும் வைத்துக்கொள்கிறார்கள். விதிவிலக்கு கிடைப்பது மாகாணத்தையும் உங்கள் பட்டம் எந்த நாட்டுடையது என்பதையும் பொறுத்தது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோடு முயல்கிறவர்கள் ஏஜென்டின் வாய்வார்த்தையை நம்பி வேலையை விட வேண்டாம். வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் கையில் வரும்வரை எதுவும் நிச்சயமில்லை. பாஸ்போர்ட் சரியாக இருந்தாலும் நிறம் ஒரு விஷயமாகத்தான் இருக்கிறது. சிறு பயிற்சி மையங்களுக்குச் சுவரொட்டியில் போட வெள்ளை முகம் வேண்டும். புகைப்படத்தைப் பார்த்ததும் பேசிய சம்பளம் குறையும். அரசுக் கல்லூரிகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, சம்பளமும் குறைவு. இரண்டையும் பார்த்தபின் சொல்கிறேன், இந்த வயதில் கல்லூரிதான் சரி.

அடுத்தது சான்றிதழ்கள். இங்கேதான் நம்மவர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. பட்டச் சான்று, குற்றப் பின்னணி இல்லை என்ற காவல்துறைச் சான்று, எஸ்1இல் போகிறவருக்குத் திருமணச் சான்று, இவை எல்லாம் வழங்கிய நாட்டிலேயே சரிபார்க்கப்பட்டு வர வேண்டும். 2023 நவம்பர் 7 முதல் சீனா அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள், அதாவது ஒரு நாட்டு ஆவணத்தை ஒரே முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்கும் ஏற்பாட்டுக்குள், வந்துவிட்டது. கனடாவில் 2024 ஜனவரி 11 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆகவே கனடா காகிதத்துக்கு ஒரே ஒரு முத்திரை போதும். ஆனால் பட்டம் சென்னையிலோ மதுரையிலோ வாங்கியதாக இருந்தால்? இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையில் அந்த உடன்படிக்கை செல்லாது. பழைய வழிதான்: மாநில அரசின் கல்விச் சான்று சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு சீனத் தூதரகம். அதற்கு மூலப் பட்டச் சான்று வேண்டும். நம்மில் பலர் அந்தக் காலத்தில் பட்டமளிப்பு விழாவுக்கே போகாமல் தற்காலிகச் சான்றை மட்டும் கோப்பில் வைத்திருப்போம். முப்பது வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து மூலச் சான்று வாங்குவதற்கே மாதங்கள் ஓடும். ஊரில் அலைய ஒரு தம்பியோ மச்சானோ வேண்டும். சில நகரங்களில் இதற்கு மாற்றாக, வெளிநாட்டுப் பட்டங்களைச் சரிபார்க்கும் பெய்ஜிங் மையத்தில் இணையவழி வாங்கிய சான்றையும் ஏற்பார்கள். முதலாளியிடம் அதை முதலில் கேளுங்கள், பாதி அலைச்சல் மிச்சமாகும். காவல்துறைச் சான்று பொதுவாக 6 மாதத்துக்குத்தான் செல்லும். அதனால் வரிசை முக்கியம்: பட்டம் முதலில், காவல்துறைச் சான்று கடைசியில். தலைகீழாகச் செய்தால் பட்டம் வந்து சேர்வதற்குள் மற்றது காலாவதியாகி, கைரேகையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஆசிரியர் பட்டமோ மொழிப் பட்டமோ இல்லாதவர்கள், இரண்டு வருட ஆசிரிய அனுபவமும் காட்ட முடியாதவர்கள், 120 மணி நேர ஆங்கிலம் கற்பித்தல் சான்றிதழ் எடுத்துக்கொண்டால் அனுபவத்துக்குப் பதிலாக அதை ஏற்பார்கள். என் கணவர் கணக்கு அலுவலகத்தில் இருந்தவர், அவருக்கு அந்தச் சான்றுதான் கை கொடுத்தது.

பெயர் இன்னொரு தலைவலி. பட்டத்தில் "எஸ். கமலா" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அந்த எஸ் விரிந்து அப்பா பெயராகவோ கணவர் பெயராகவோ நிற்கும். சீன அலுவலகத்துக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். "இருவரும் ஒருவரே" என்று நோட்டரி முன் உறுதிமொழி எழுதி அதையும் அப்போஸ்டில் செய்து கொண்டுபோய்விடுங்கள். அங்கே போய்க் கேட்டால் கனடாவிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். உள்ளே போனபின் வங்கிக் கணக்கு, செல்போன் எண், பணம் கட்டுகிற அலிபே, செய்தி அனுப்புகிற வீசாட், ரயில் டிக்கெட் எடுக்கிற 12306 செயலி ஆகிய எல்லாவற்றிலும் பெயர் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியோடு, பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரி எந்திர எழுத்தில் இருப்பதுபோல் இருக்க வேண்டும். வங்கிக்காரர் ஒருவர் குடும்பப் பெயரை முன்னாலும் செல்போன் கடைக்காரர் பின்னாலும் அடித்துவிட்டால், வங்கி அட்டை அலிபேயில் சேராது. அலிபே இல்லாமல் அங்கே ஒரு கட்டு கீரை வாங்குவதுகூடக் கஷ்டம். முதல் முதலாகப் பெயர் அடிக்கிற இடத்திலேயே திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் நீளமான பெயர்கள் கட்டத்துக்குள் அடங்காமல் வெட்டுப்பட்டால், எங்கே வெட்டினார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு மற்ற இடங்களிலும் அதே மாதிரி வெட்டச் சொல்ல வேண்டியதுதான்.

முதலாளி யார் என்று சோதிப்பது நாம் நினைப்பதைவிட எளிது. சீனாவில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 18 இலக்கத்தில் ஒரு பதிவு எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, அரசின் நிறுவனத் தகவல் தளத்தில் போட்டால் நிறுவனத்தின் சீனப் பெயர், தொடங்கிய ஆண்டு, என்ன தொழிலுக்குப் பதிவு, வழக்கோ தடையோ உண்டா என்பதெல்லாம் வரும். ஒப்பந்தத்தின் சிவப்பு வட்ட முத்திரையில் உள்ள சீன எழுத்துகள், வேலை அனுமதி அறிவிப்பில் உள்ள பெயர், பாடம் எடுக்கப் போகிற இடம், இந்த மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். "அனுமதி எங்கள் துணை நிறுவனத்தின் பெயரில், வேலை மட்டும் இங்கே" என்றால் அதுவும் கள்ள வேலைதான். "இப்போதைக்கு வியாபார விசாவில் வாருங்கள், வந்ததும் மாற்றித் தருகிறோம்" என்கிறவரிடம் மேற்கொண்டு பேச்சு வேண்டாம். ஆசிரியரிடம் கமிஷன் கேட்கிற ஏஜென்டும் அப்படியே. ஏஜென்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியது பள்ளி. 2021 ஜூலையில் அரசு பள்ளிப் பாடங்களுக்கான தனியார் டியூஷனை நெருக்கியதிலிருந்து பயிற்சி மையங்களின் காலடியில் நிலம் உறுதியாக இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சம்பளம் இரட்டிப்பு என்றால் அதில் பாதி அந்த அபாயத்துக்கான கூலி.

வழி இதுதான்: முதலாளி இணையத்தில் விண்ணப்பித்து அறிவிப்புக் கடிதம் வாங்கி அனுப்புவார், அதை வைத்து நீங்கள் இருக்கும் நாட்டில் வேலைக்கான இசட் விசா. அதில் உள்ளே நுழைந்ததும் 24 மணி நேரத்துக்குள் அந்த வட்டாரக் காவல் நிலையத்தில் தங்குமிடப் பதிவு. ஹோட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள், வீட்டுக்குப் போனதும் நாம் செய்ய வேண்டும், ஊருக்குப் போய்த் திரும்பினாலும் பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விட்டால் 2,000 யுவான் வரை அபராதம். 15 நாளுக்குள் வேலை அனுமதி, 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதி. நடுவில் மருத்துவப் பரிசோதனை: வெறும் வயிற்றில் ரத்தம், ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன். நம் வயதுக்காரர்கள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். பயம் தேவையில்லை. அவர்கள் தேடுவது தொற்றக்கூடிய காசநோய் போன்றவற்றை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அறிக்கையில் எழுதப்படும், அவற்றால் மட்டும் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. குடியிருப்பு அனுமதிக்குப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், 15 நாள் வரை ஆகலாம். பதிலுக்குப் படத்தோடு ஒரு ரசீது தருவார்கள். அதை வைத்து ரயிலில் போகலாம், நாட்டை விட்டு வெளியேற முடியாது. ஊரில் வயதான அம்மா அப்பா இருக்கிறவர்கள் இதை யோசித்து, இருவரும் ஒரே நாளில் பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் ஒருவர் பின் ஒருவராகக் கொடுப்பது நல்லது. கட்டணம் ஒரு வருடத்துக்குக் குறைவான அனுமதிக்கு 400 யுவான், ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு 800. அதை யார் கட்டுவது என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

இப்போது எங்களை உலுக்கிய விஷயத்துக்கு வருகிறேன். சீனாவில் வேலை அனுமதி ஆளுக்கு அல்ல, அந்த முதலாளியிடம் இருக்கும் வரைக்கு. வேறு இடத்துக்கு மாற வேண்டுமானால் பழைய முதலாளி இரண்டு காகிதம் தர வேண்டும். ஒன்று, இன்ன தேதியில் விலகினார் என்ற சிவப்பு முத்திரையிட்ட விலகல் சான்று. இரண்டு, பழைய வேலை அனுமதியை ரத்து செய்ததற்கான சான்று. இவை இருந்தால் நாட்டை விட்டு வெளியே போகாமலே புதிய இடத்துக்கு மாறிக்கொள்ளலாம், பட்டத்துக்கும் காவல்துறைச் சான்றுக்கும் மறுபடி அலைய வேண்டியதில்லை. இவை இல்லாவிட்டால் புதிய கல்லூரி எவ்வளவு விரும்பினாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் சில முதலாளிகள் சம்பளப் பாக்கியைக் கேட்டால் சான்றை நிறுத்தி வைக்கிறார்கள். சம்பளம் வேண்டுமா, சான்று வேண்டுமா என்ற நிலை. குடியிருப்பு அனுமதியின் தேதி ஒரு பக்கம் நெருங்கிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டி ஒவ்வொரு நாளும் 500 யுவான் அபராதம், உச்சம் 10,000, காவலில் வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. இரண்டு பேர் என்றால் எல்லாம் இரட்டிப்பு.

இதற்கு எதிராக நம் கையில் இருப்பவை இவை. சீனத் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி 30 நாள் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டு விலகலாம். 50ஆம் பிரிவுப்படி ஒப்பந்தம் முடியும்போது விலகல் சான்று தருவது முதலாளியின் கடமை. வேலை அனுமதியை ரத்து செய்யவும் 10 வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "நடுவில் போனால் மூன்று மாதச் சம்பளம் அபராதம்" என்கிற ஷரத்தைப் பற்றி 25ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: முதலாளி செலவழித்துக் கொடுத்த தொழிற்பயிற்சி, வணிக ரகசியமும் போட்டி நிறுவனத் தடையும், இந்த இரண்டு வகை தவிர ஊழியரிடம் ஒப்பந்த முறிவு அபராதம் வாங்கக் கூடாது. வெளிநாட்டவர் விஷயத்தில் ஊருக்கு ஊர் தீர்ப்பு சற்று மாறும், ஆனாலும் இந்தப் பிரிவுகளை எண்ணோடு எழுதி அனுப்பினாலே பேச்சின் தொனி மாறுகிறது. வாயால் சொல்லி விலகாதீர்கள். விலகல் கடிதத்தைச் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, விரைவு அஞ்சலில் அனுப்பி, உறையின் மேல் "விலகல் கடிதம்" என்று எழுதி, ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் 30 நாள் ஓடும்.

தொழிலாளர் தகராறு நடுவர் மன்றத்துக்குக் கட்டணமே கிடையாது. உரிமை மீறப்பட்டது தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மனுவை ஏற்கிறார்களா என்பதை 5 நாளில் சொல்வார்கள், ஏற்றால் 45 நாளில் முடிவு, சிக்கலான வழக்கு என்றால் இன்னும் 15 நாள். மனு சீனத்தில் இருக்க வேண்டும். கேட்க வேண்டியவற்றைத் தனித்தனி இலக்கமிட்டு எழுதுங்கள்: விலகல் சான்று ஒன்று, அனுமதி ரத்து இரண்டு, இந்த மாதச் சம்பளம் இவ்வளவு மூன்று. ஆளுக்கொரு மனு, தம்பதி என்று சேர்த்துப் போட முடியாது. சாட்சியம் என்பது முத்திரையுள்ள ஒப்பந்தம், சம்பளம் வந்த வங்கிக் கணக்குப் பக்கங்கள், கால அட்டவணை, வீசாட் உரையாடல். வீசாட்டைப் படம் பிடித்து அச்சடித்தால் மட்டும் போதாது, மூல உரையாடல் அதே செல்போனில் இருக்க வேண்டும், கேட்டால் திறந்து காட்ட வேண்டும். புது போனுக்கு மாறுகிறவர்கள் பழைய உரையாடலை மாற்றிக்கொள்ளாமல் விட்டால் அதோடு போச்சு. எங்கள் மனுவுக்கு அழைப்பாணை போனதும் இரண்டு சான்றுகளும் வந்துவிட்டன. சம்பளம் வரவில்லை. மூடிய நிறுவனத்திடம் தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே தொகை ஏறவிடாதீர்கள். சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போனாலே மனுவுக்குத் தயாராகத் தொடங்குவது இந்த ஊருக்கு அதிகப்படி அல்ல. குடியேற்றத் துறையின் 12367 எண்ணில் இரவு பகலாக ஆங்கிலத்தில் பேசலாம். தொழிலாளர் துறைக்கு 12333, நகர நிர்வாகத்துக்கு 12345. விலகல் சான்று கைக்கு வந்தபின் குடியிருப்பு அனுமதியில் மாற்றத்தைப் பதிய 10 நாள்தான். புதிய இடத்தின் காகிதம் தயாராகவில்லை என்றால் குறுகியகாலத் தங்கல் விசாவுக்கு அதே அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், 30 நாள் வரை கிடைக்கும்.

கல்லூரி ஒப்பந்தத்தில் தம்பதிகள் பார்க்க வேண்டிய வரிகள் தனி. வழக்கமாக வளாகத்துக்குள் ஒரு வீடு தருவார்கள். இரண்டு ஒப்பந்தம், ஒரு வீடு என்றால் மற்றவருக்கான வீட்டுப்படியைப் பணமாகக் கேட்கலாம், கேட்காமல் தர மாட்டார்கள். விமானக் கட்டணம் இருவருக்குமா, வருட முடிவிலா? சம்பளம் 10 மாதத்துக்கா 12 மாதத்துக்கா? வசந்த விழா விடுமுறையும் ஜூலை, ஆகஸ்டும் சேர்ந்தால் மூன்று மாதம் போய்விடும். ஒருவர் உடல்நலமின்றி விலகினால் மற்றவர் ஒப்பந்தமும் வீடும் தொடருமா? வீடு எந்த மாடி? பழைய கட்டடங்களில் ஆறு மாடி வரை லிப்ட் இருக்காது, நம் முழங்காலைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். கழிப்பறை எந்த வகை, சுடுநீர் எப்படி, மெத்தை எவ்வளவு கடினம் என்பதை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். யாங்சி ஆற்றுக்குத் தெற்கே பொது வெப்பமூட்டல் கிடையாது. ஃபுஜியானில் குளிர் எண்ணிக்கையில் அதிகமில்லை, ஆனால் வீட்டுக்குள்ளும் வகுப்புக்குள்ளும் அதே குளிர். மார்ச், ஏப்ரலில் சுவரும் தரையும் வியர்க்கும், அலமாரித் துணியில் பூஞ்சை பிடிக்கும். அப்போது ஜன்னலைத் திறக்கக் கூடாது, ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள்.

வகுப்பறை இதில் எல்லாம் எளிது, இனிமையும் அதுதான். வாரம் 16 பாடவேளை என்றால் 45 நிமிடம் இரண்டு சேர்ந்த 8 வகுப்பு. வகுப்புக்கு 40 பேர் வைத்தாலும் 320 மாணவர்கள். ஒவ்வொருவரையும் 5 நிமிடம் பேச வைத்துத் தேர்வு நடத்தினால் 27 மணி நேரம். இருவர் இருவராக 6 நிமிடம் என்றால் 16 மணி நேரத்தில் முடியும், ஒரு வகுப்புக்கு 2 மணி நேரம் ஆவதால் அதுவும் ஒரே 90 நிமிட வேளையில் அடங்காது. அதனால் பருவ முடிவுக்கு இரண்டு வாரம் முன்பே பேச்சுத் தேர்வைத் தொடங்கிவிடுங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி இருப்பதால் அவர்களின் வகுப்பு செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். அக்டோபர் தேசிய நாள் விடுமுறைக்கு ஈடாகச் சனி, ஞாயிறில் வகுப்பு வரும், அந்தச் செய்தி முந்தின நாள் வீசாட்டில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வகுப்புத் தலைவர் உண்டு. அறை மாறியதிலிருந்து ப்ரொஜெக்டர் பழுதானது வரை எல்லாம் அந்தப் பிள்ளை வழியாகத்தான் நடக்கும். முதல் நாளே பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பெண் முறையையும் முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேளுங்கள்: அன்றாட மதிப்பெண் எத்தனை சதவீதம், இறுதித் தேர்வு எத்தனை, வினாத்தாள் இரண்டு வடிவம் தர வேண்டுமா. தோற்றவர்களுக்கு அடுத்த பருவத் தொடக்கத்தில் மறுதேர்வு வரும், அதற்கான தாளையும் நீங்கள்தான் தர வேண்டும்.

பேசச் சொன்னால் பேச மாட்டார்கள். தெரியாமல் அல்ல. நாற்பது பேர் முன்னால் தவறு செய்யத் தயக்கம். "யார் சொல்கிறீர்கள்" என்ற கேள்வியை அங்கே கேட்கவே கூடாது, ஐந்து நிமிட மௌனம்தான் பதில். இரண்டு நிமிடம் எழுதவிடுங்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லட்டும், பிறகு நால்வர் குழுவில், அதன்பின் குழுவின் சார்பாக ஒருவர். "நான் நினைப்பது" என்று பேசாத பிள்ளை "எங்கள் குழு நினைப்பது" என்று பேசும். எல்லோருடைய கவலையும் ஜூனிலும் டிசம்பரிலும் வரும் தேசிய ஆங்கிலத் தேர்வுதான். 710க்கு 425 எடுத்தால் தேர்ச்சி என்று கொள்வார்கள். அந்தத் தேர்வின் கட்டுரைத் தலைப்பைப் பேச்சுப் பாடமாக்கினால் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

உச்சரிப்பில் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு, எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லவில்லை. பேனாவுக்கான ஆங்கிலச் சொல்லை நாம் சொல்லும்போது உதட்டிலிருந்து காற்று வெடித்து வராது. சீனக் காதுக்கு அந்தக் காற்றுதான் அடையாளம். காற்றில்லாத நம் "பென்" அவர்களுக்கு லண்டன் மணிக்கூண்டின் "பென்"னாகக் கேட்கும். டீ, காபி, டைம் எல்லாவற்றுக்கும் இதே கதை. வாய்க்கு நேரே ஒரு தாளைப் பிடித்து, சொல்லும்போது தாள் ஆடுகிறதா என்று கண்ணாடி முன் பழகுங்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும், மாணவர்கள் "திரும்பச் சொல்லுங்கள்" என்பது பாதியாகக் குறையும். மாணவர் பக்கம் தெற்கு ஃபுஜியானில் "ஃப" ஒலி "ஹ" ஆகும். ஃபுஜியானையே ஹுஜியான் என்று சொல்வதாக மற்ற மாகாணத்தார் கேலி செய்வார்கள். கீழுதட்டை மேல் பல்லால் கடித்துப் பிடிக்கச் சொன்னால் போதும். அவன், அவள் குழப்பத்தைத் திருத்தித் திருத்தி ஓய்ந்து போவீர்கள், அவர்கள் பேச்சில் இரண்டும் ஒரே ஒலி என்பதால். சுவான்ஜோவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: நம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கேதான் கிடைத்தது. கையுவான் கோயிலின் பின்புறத் தூண்களில் இந்துச் சிற்பங்கள் இன்றும் இருக்கின்றன. பிள்ளைகள் பலருக்கே தெரியாது. முதல் வகுப்புக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடையாது. அரசியலும் மதப் பிரசாரமும் மட்டும் வகுப்புக்குள் வேண்டாம், அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மருந்து விஷயத்தில் கடைப் பெயரை நம்பிப் போகாதீர்கள். அம்லோடிபின், மெட்ஃபார்மின் என்ற மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் மருத்துவரிடம் எழுதி வாங்கி, சீன எழுத்தில் மொழிபெயர்த்து பர்ஸில் வையுங்கள். இரண்டும் அங்கே எளிதாகக் கிடைக்கும், விலையும் மலிவு. கோடீன் கலந்த வலி மாத்திரையைக் கொண்டுபோக வேண்டாம். பெரிய அரசு மருத்துவமனையில் வரிசை இப்படி: பதிவுச் சீட்டு, மருத்துவர், பணம் கட்டுதல், பரிசோதனை, முடிவோடு அதே மருத்துவர், மறுபடி பணம், மருந்து. எல்லாம் முன்பணம். காலை எட்டு மணிக்குள் போனால் மதியத்துக்குள் முடியும், இருவரில் ஒருவர் வரிசையில் நிற்க மற்றவர் உட்காரலாம், தம்பதியாகப் போனதன் பலன் அங்கே தெரியும். ஆம்புலன்ஸ் 120, அதற்கும் கட்டணம் உண்டு.

ஊரிலிருந்து கிளம்புமுன் வீசாட் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். பழைய செல்போன் எண்ணை ரோமிங்கோடு உயிரோடு வையுங்கள். ஊர் வங்கியின் ஒருமுறைக் கடவு எண் அதில்தான் வரும், வெளிநாட்டு சிம் ரோமிங்கில் கூகுளும் வாட்ஸ்அப்பும் தடையின்றி வேலை செய்யும். சீன வங்கிக் கணக்கு திறக்கும்வரை வெளிநாட்டு அட்டையை அலிபேயில் சேர்த்துக்கொள்ளலாம். 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் 3 சதவீதம் பிடிப்பார்கள், பெரிய பொருளை அதில் வாங்காதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது, காய்கறிப் பொரியலில் கொத்துக்கறியும் பன்றிக் கொழுப்பும் வரும். புத்தர் கோயில் அருகே இருக்கும் சைவ உணவகங்களைத் தேடிப் பிடியுங்கள். துவரம்பருப்பும் மல்லித்தூளும் தாவ்பாவ் என்ற இணையக் கடையில் கிடைக்கும், கறிவேப்பிலைக்குத்தான் ஏக்கம்.

கிளம்புகிற காலத்துக்கும் ஒரு வரிசை இருக்கிறது. கடைசி மாதச் சம்பளம் வந்ததும் வரி கட்டிய சான்றை எடுத்து, ஒப்பந்தம், பாஸ்போர்ட்டோடு வங்கிக்குப் போனால் சம்பாதித்த பணத்தை வெளிநாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். வரிச் சான்று இல்லையென்றால் ஒரு நாளைக்கு 500 டாலர் அளவுதான். சமூகக் காப்பீட்டில் ஓய்வூதியத்துக்கு உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்த 8 சதவீதம் உங்கள் தனிக் கணக்கில் இருக்கும். நாட்டை விட்டுப் போகிறவர் அதை எழுதிக் கேட்டுத் திரும்பப் பெறலாம், முதலாளி கட்டிய பங்கு வராது. விண்ணப்பத்துக்கு விலகல் சான்றும் அனுமதி ரத்துச் சான்றும் மறுபடி வேண்டும், அதனால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூலப்பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணம் சீன வங்கிக் கணக்கில்தான் வந்து விழும், வந்ததாகக் குறுஞ்செய்தி சீன எண்ணுக்குத்தான் வரும். ஆகவே கணக்கையும் சிம்மையும் மூடாமல் விட்டுவந்து, சிம்முக்கு மிகக் குறைந்த மாதக் கட்டணத்துக்கு மாறி, ஆறு மாதத்துக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு வையுங்கள்.